கார்டன் ரீச்சுக்கு வந்த அதிசயப் பறவைகள்

கிதிர்ப்பூரைத் தாண்டி கார்டன் ரீச் பக்கம் தினமும் வேலைக்குப் போய் வரும் தமிழர்கள் பல பேர். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் அங்கேதான். கப்பல் கட்டும் தளமும் அங்கேதான். துறைமுகத்தின் வாசலும் பக்கத்திலேயே. பஸ் நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்க ஏது நேரம்?

ஆனால் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு அந்த ஆற்றங்கரையில் ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழி நடை பயின்றது! அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழி இரை பொறுக்கியது. மங்கோலியப் புல்வெளியில் முட்டையிடும் கர்க்கரா நாரை, வங்காளத்துக் குளத்தின் படியில் ஒற்றைக் காலில் நின்றது. இமயமலையின் வறண்ட பாறைச் சரிவை விட்டு இறங்கவே இறங்காத சகோர், ஹூக்ளியின் ஈரக்காற்றில் கூவிற்று.

இந்தப் பறவைகள் எதுவும் தானாகப் பறந்து வந்தவை அல்ல. அவற்றைத் தேடித் தேடி வரவழைத்தவரும் அந்த மண்ணுக்கு உரியவர் அல்ல. அவர்தான் அவத் நாட்டின் கடைசி மன்னர் வாஜித் அலி ஷா.

லக்னோவில் பிறந்தவர்

வாஜித் அலி ஷா 1822 ஜூலை 30-ஆம் தேதி லக்னோவில் பிறந்தார். தகப்பனார் அம்ஜத் அலி ஷா. அயோத்தி சமஸ்தானம் என்று நமது பழைய சரித்திரப் புத்தகங்கள் சொல்லுமே, அந்த நாட்டுக்கு 1847 பிப்ரவரியில் வாஜித் அலி ஷா மன்னரானார். அப்போது வயது இருபத்து நான்கு.

பட்டத்துக்கு வந்த புதிதில் படைகளைச் சீர்திருத்துவதில் மும்முரமாக இருந்தார். புதிய பட்டாளங்களை அமைத்தார், அவற்றுக்கு வேடிக்கையான பெயர்களையும் வைத்தார். காலையில் குதிரை மேல் அமர்ந்து அணிவகுப்பைப் பார்வையிடுவார். இது கம்பெனியின் ரெசிடெண்டுக்குப் பிடிக்கவில்லை. பாதுகாப்புக்குத்தான் எங்கள் பட்டாளம் இருக்கிறதே, உமக்கு எதற்கு இந்தத் தொல்லை என்கிற பாவனையில் பேச்சு வந்தது. மன்னரின் மனம் ஆட்டம், பாட்டு, கவிதை என்று வேறு பக்கம் திரும்பியது. பிறகு அதையே குற்றமாக்கி, ஆளத் தெரியாத சுகவாசி என்று எழுதி வைத்தார்கள்!

அவர் சுகவாசி இல்லை என்று சொல்ல வரவில்லை. சுகவாசிதான். மனைவிமார்களின் எண்ணிக்கை ஆயுள் முழுவதும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் போகும். ஆனால் கதக் ஆட்டத்துக்கும் தும்ரிப் பாட்டுக்கும் அவர் செய்தது சின்னக் காரியம் அல்ல. அக்தர் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நூல்கள் நாற்பதுக்கும் மேலே. கண்ணன் லீலையை மேடை நாடகமாக்கி அரண்மனையில் நடத்தினார் இந்த முஸ்லிம் மன்னர்.

1856 பிப்ரவரியில் ரெசிடெண்ட் அவுட்ராம் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். நாட்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உபகாரச் சம்பளம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சாரம். மன்னர் தலைப்பாகையைக் கழற்றி அவுட்ராமின் கையில் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்து இல்லாமலேயே நாடு போய்விட்டது.

ஏலத்துக்கு வந்த புலிகள்

நாடு போனதோடு நிற்கவில்லை. லக்னோ அரண்மனையில் பரம்பரையாக வளர்த்த யானைகள், குதிரைகள், காட்டு மிருகங்கள், புறாக்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அடிமாட்டு விலைக்குப் போயின. பிற்காலத்தில் மன்னர் பட்சிகளின் மீது பணத்தை அள்ளி இறைத்ததைப் படிக்கும்போது இந்த ஏலத்தை மறந்துவிடக் கூடாது.

அந்த மிருகங்களை வாங்கியவர்களில் ஒரு விசித்திர மனிதரும் உண்டு. எட்வர்ட் பிளைத் என்பது அவர் பெயர். கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டி மியூசியத்தின் காப்பாளர். 1841-இல் லண்டனிலிருந்து வந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி அன்று அவர் அளவுக்குத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை எனலாம். விஞ்ஞானி டார்வினே இவரிடம் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்பார். இவ்வளவு பெரிய அறிவாளிக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். இருபது வருஷமும் அதே சம்பளம், ஒரு ரூபாய் கூட ஏறவில்லை! குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மனிதரின் வயிற்றெரிச்சல் புரியும். வரும்படிக்கு வழி தேடி அவர் உயிருள்ள மிருகங்களை வாங்கிக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரத்தில் இறங்கினார். லக்னோ ஏலத்துப் புலிகள் சிலவும் அந்தக் கணக்கில்தான் வந்தன. ஆனால் அவர் பணக்காரர் ஆகவில்லை.

மன்னரோ லண்டனுக்கே போய் விக்டோரியா ராணியிடம் நியாயம் கேட்பது என்று புறப்பட்டார். காசி வரை தரை வழி. அங்கிருந்து நீராவிப் படகு. 1856 மே மாதம், தகிக்கும் வெயிலில் கல்கத்தா வந்து சேர்ந்தார். உடல்நிலை மேலே போக விடவில்லை. தமக்குப் பதிலாகத் தாயாரையும் தம்பியையும் ஒரு மகனையும் பரிவாரத்தோடு கப்பல் ஏற்றினார்.

அந்தத் தாயாரின் கதை தனிக்கதை. பர்தாவை விட்டு வெளியே வராத மூதாட்டி, கடல் கடந்து போய் இங்கிலாந்து ராணியின் முன் நின்றார். அதற்குள் 1857 கலகம் மூண்டுவிட்டது. இனி யார் நியாயம் கேட்பார்கள்? திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிஸில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம். அடுத்த மாதம் லண்டனில் தம்பியும் இறந்தார். அவரையும் தாயாருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இங்கே மன்னரின் நிலையும் அதுதான். 1857 ஜூன் 15-ஆம் தேதி விடியற்காலையில் வீட்டைச் சூழ்ந்து அவரைப் பிடித்துக்கொண்டு போய் வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள். லக்னோவில் அவர் விட்டு வந்த பேகம் ஹஸ்ரத் மஹல், மகன் பிர்ஜிஸ் காதரைப் பட்டத்தில் அமர்த்தி வெள்ளையரை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்தார். மன்னரோ கோட்டைக்குள். கலகத்தில் மன்னருக்குப் பங்கு உண்டு என்று நிரூபிக்க எதுவும் அகப்படவில்லை. இருந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம். 1859 ஜூலையில்தான் விட்டார்கள். லக்னோவுக்குத் திரும்ப அனுமதி கிடையாது.

ராஜாக்களை ஊர் மாற்றி வைப்பது அன்றைய வெள்ளையரின் வாடிக்கை. கண்டியின் கடைசி ராஜாவை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் 1832-இல் அங்கேயே இறந்தார். திப்பு சுல்தானின் பிள்ளைகளை முதலில் வேலூரில் வைத்தார்கள். 1806-இல் வேலூர்ப் புரட்சி நடந்ததும் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். டில்லி பகதூர் ஷா ரங்கூனுக்குப் போனார். அந்த வரிசையில் லக்னோ மன்னருக்குக் கிடைத்தது கார்டன் ரீச்.

மண் கொத்தளத்தில் குட்டி லக்னோ

ஹூக்ளி வளைந்து போகும் அந்தக் கரையில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டம் சூழ மாளிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து வரும் கப்பல் பயணிக்குக் கல்கத்தா என்று முதலில் கண்ணில் படுவது இந்த வீடுகளே. கார்டன் ரீச் என்ற பெயரே அதனால்தான். அதை ஒட்டிய பகுதிக்கு மெட்டியா புருஸ் என்று பெயர். மண் கொத்தளம் என்று பொருள். மன்னர் வந்து இறங்கிய மாளிகை, பிற்பாடு பெங்கால் நாக்பூர் ரயில்வே கைக்கு வந்து பி.என்.ஆர். ஹவுஸ் என்று பெயர் பெற்ற கட்டடமே என்பது அந்த வட்டாரத்தில் வழங்கி வரும் பேச்சு.

சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளம் வருஷத்துக்கு 12 லட்ச ரூபாய். மன்னர் அதை வைத்து ஆற்றங்கரையில் ஒரு குட்டி லக்னோவை எழுப்பத் தொடங்கினார். மாளிகைகள், தோட்டங்கள், இமாம்பாரா, மசூதிகள். அவரைத் தேடி லக்னோவிலிருந்து பாட்டுக்காரர், தபலாக்காரர், தையற்காரர், சமையற்காரர், பட்டம் விடுபவர், புறா விடுபவர் என்று கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினார்கள். மெட்டியா புருஸில் மட்டும் நாற்பதாயிரம் ஜனங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்கிறதே, அது மன்னரின் சமையற்கட்டிலிருந்து வந்ததுதான் என்று இன்றும் கடைக்காரர்கள் பெருமையடிக்கிறார்கள்.

ஒரு ஜோடிப் புறா 24,000 ரூபாய்

இத்தனைக்கும் மேலாக மன்னர் மனம் தோய்ந்தது பட்சி, மிருகங்களில்தான். இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் அப்துல் ஹலீம் ஷரர் என்ற உருது எழுத்தாளர். சிறுவனாக மெட்டியா புருஸுக்கு வந்து பத்து வருஷம் போல அங்கே வளர்ந்தவர். பழைய லக்னோவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் பிரசித்தமானவை.

அவர் சொல்லும் காட்சி இது. நூர் மன்ஸில் என்ற மாளிகைக்கு முன்னால் பெரிய மைதானம், சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. உள்ளே புள்ளிமான்களும் இதர காட்டு மிருகங்களும் இஷ்டம்போல் திரியும். நடுவே பளிங்குக் குளம், எப்போதும் தண்ணீர் ததும்பும். அதைச் சுற்றி நெருப்புக்கோழி, வான்கோழி, சாரஸ், கர்க்கரா, அன்னம், மயில், சகோர் என்று பறவைக் கூட்டம். குளத்தில் ஆமைகள். வேறோரிடத்தில் புலிகள், சிறுத்தைகள். ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி ஜோடி ஒன்று. பாக்தாத்திலிருந்து இரட்டைத் திமில் ஒட்டகங்கள் இரண்டு. எந்தப் பிராணியும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு கழுதைகளையும் சேர்த்து வைத்திருந்தாராம் மன்னர்!

பாம்புகளுக்கு என்று ஒரு செய்குன்று. அதைச் சுற்றி வழுவழுப்பான சுவருடன் அகழி. குன்றில் குழாய் குழாயாகப் பொந்துகள். ஆயிரக்கணக்கான பாம்புகள் வெளியே வந்து தவளைகளைத் துரத்தும். ஜனங்கள் மேலே நின்று பயமில்லாமல் வேடிக்கை பார்ப்பார்கள். காவல் எப்போதும் அவ்வளவு கெட்டி என்று சொல்ல முடியாது. ஒரு தடவை புலி ஒன்று தப்பி, ஹூக்ளியை நீந்திக் கடந்து, எதிர்க்கரையில் சிப்பூர் தாவரத் தோட்டத்தில் ஏறிவிட்டது. அக்கரையில் இருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

புறாக்கள் மட்டும் இருபத்து நாலாயிரத்துக்கும் மேல். ரேஷம் பரா எனப்படும் பட்டுச் சிறகுப் புறா ஒரு ஜோடிக்கு 24,000 ரூபாய் கொடுத்தார். வெள்ளை மயில் ஒரு ஜோடிக்கு 11,000 ரூபாய். பிளைத்தின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்தப் புறா ஜோடியின் விலை அவருடைய எட்டு வருஷச் சம்பளம்! வெள்ளை மயில் தனி இனம்கூட அல்ல. சாதாரண மயில்தான், பிறவியிலேயே நிறம் இல்லாமல் பிறந்தது. ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்பதால் அந்த விலை.

இவற்றைக் கவனிக்க எண்ணூறு ஆட்களுக்கு மேல். புறாவுக்கு மட்டும் முந்நூறு பேர். மீனுக்கு எண்பது பேர். பாம்புக்கு முப்பது, நாற்பது பேர். சம்பளம் என்னவோ ஆறு ரூபாய், பத்து ரூபாய். இருந்தாலும் எண்ணூறு குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. மன்னரின் கடனைப் பற்றிச் சர்க்கார் ஓயாமல் கண்டித்துக்கொண்டிருந்தது. விற்க வருகிற வியாபாரிக்கோ மன்னரின் ஆசை தெரியும். கப்பலில் புதிய பட்சி ஒன்று வந்துவிட்டால் அது முதலில் போகும் இடம் கார்டன் ரீச். கேட்ட விலையும் கிடைக்கும். இதில் ஏமாந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று யாரால் கணக்குப் போட முடியும்?

தானாக வந்ததா, தப்பி வந்ததா?

இதே காலத்தில் கல்கத்தாவில் பறவை ஆராய்ச்சியும் சூடு பிடித்திருந்தது. பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கி வைத்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அப்போது இந்திய சர்க்காரின் காரியதரிசி. உத்தியோகம் போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குப் பறவைதான். 1872 முதல் பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகையைக் கல்கத்தாவிலிருந்து நடத்தினார்.

வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பறவைகளுக்கு என்று காலமும் வழியும் உண்டு. வருஷா வருஷம் அதே மாதத்தில், அதே குளத்துக்கு வரும். எப்போதாவது ஒன்று வழி தவறும். புயலில் சிக்கும், அல்லது வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிடும். ஆயிரம் மைல் தள்ளி, யாரும் எதிர்பாராத ஊரில் இறங்கும். பறவை பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இது தானாக வந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா?

சிறகு நறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வால் இறகு கம்பியில் உரசித் தேய்ந்திருக்கிறதா, கால் நகம் அளவுக்கு மேல் வளர்ந்திருக்கிறதா, மனிதனைக் கண்டால் மிரளாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். காலமும் பொருந்த வேண்டும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வர வேண்டிய பறவை ஆடி மாதத்தில் தென்பட்டால் நம்ப மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் வெளியூர்ப் பட்சிகளை வைத்திருந்த கார்டன் ரீச்சின் சுற்றுவட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்!

நிஜமாகவே வந்ததற்கும் உதாரணம் உண்டு. மன்னர் காலமாகிச் சுமார் பத்து வருஷத்துக்குப் பிறகு நடந்தது அது. இந்திய மியூசியத்தில் வேலை பார்த்த பிராங்க் பின் என்பவர் குளிர்காலத்தில் கல்கத்தா மார்க்கெட்டுக்குப் போய், கறிக்காக வலை போட்டுப் பிடித்து வந்த வாத்துகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அந்தக் குவியலில் தலை பச்சைக் கறுப்பாக, கண் வெள்ளையாக ஒரு வாத்து கிடைத்தது. பேயர் வாத்து! சைபீரியாவின் கிழக்குக் கோடியில் ஆமூர் நதிப் பக்கம் கூடு கட்டுவது. ஒன்று மட்டும் அல்ல, பலவும் கிடைத்தன. வங்காளத்து ஏரிகளில் மற்ற வாத்துகளோடு வலையில் விழுந்தவை ஆகையால் தப்பி வந்தவை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை விற்றவருக்கு அது வெறும் வாத்து. இன்று அந்த இனம் உலகத்திலேயே அழியும் தறுவாயில் இருக்கிறது.

ஏலம், மறுபடியும்

முப்பத்தோரு வருஷம் கல்கத்தாவில் வாழ்ந்த மன்னர், 1887 செப்டம்பரில் காலமானார். வயது அறுபத்தைந்து. மறுபடியும் லக்னோவைப் பார்க்கவில்லை. பேகம் ஹஸ்ரத் மஹல் நேபாளத்துக்குத் தப்பிப்போய், 1879-இல் காட்மாண்டுவில் ஏற்கெனவே இறந்திருந்தார்.

மன்னர் கண் மூடியதும் உபகாரச் சம்பளம் நின்றது. மாளிகைகளும் சாமான்களும் மிருகங்களும் பட்சிகளும் விற்பனைக்கு வந்தன. லக்னோவில் 1856-இல் நடந்த அதே ஏலம் இரண்டாம் முறை. குட்டி லக்னோ கலைந்தது. எண்ணூறு ஆட்களில் யார் எங்கே போனார்கள் என்று எழுதி வைக்க ஆள் இல்லை. பாட்டுக்காரர்கள் கல்கத்தாவின் ஜமீன்தார் வீடுகளைத் தேடிப் போனார்கள். தையற்காரர்கள் அங்கேயே தங்கினார்கள். மெட்டியா புருஸ் இன்றைக்கும் தையல் தொழிலுக்குப் பேர் போனது.

பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி ஆரம்பமானதும் அதே 1887-இல்தான். 1892-இல் கிதிர்ப்பூர் டாக் திறந்தது. மாளிகைகள் இருந்த இடத்தில் ஜெட்டியும் கிடங்கும் ஆலையும் முளைத்தன. ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் பிழைப்புக்கு வந்து இறங்கியது அதன் பிறகு.

மன்னர் 1864-இல் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாரா இன்றும் நிற்கிறது, கார்டன் ரீச் சர்க்குலர் ரோட்டில். அவர் சமாதி உள்ளேதான். வாசலில் அவத் அரசின் சின்னத்தைப் பார்க்கலாம். அதில் பறவை இல்லை, மீன்தான் இருக்கிறது. லக்னோவில் பட்டம் சூடிய மகன் பிர்ஜிஸ் காதரும் நேபாளத்திலிருந்து கல்கத்தாவுக்கே திரும்பி, 1893-இல் இங்கே இறந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று குடும்பத்தார் சொல்வது உண்டு.